எங்கே பார்த்தால் என்ன, படம் படம்தானே?

ஞாயிற்றுக்கிழமை என் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், பாதியை அவர்களே அழித்துவிட்டார்கள். "சோபாவுல படுத்துக்கிட்டு படம் பாக்குறவன்லாம் கருத்து சொல்ல வந்துட்டான்" என்று ஒருவர். "அங்கிள், நீங்க போய் சீரியல் பாருங்க" என்று இன்னொரு தம்பி. அங்கிள் என்றதில் எனக்கு வருத்தமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது, ஆனால் இந்தப் பதிவு அதற்காக இல்லை.

நான் எழுதியது இரண்டே விஷயம். மெய்யழகன் படத்தை இப்போதுதான் வீட்டில் பார்த்தேன், ரொம்பப் பிடித்தது. ஒரு பெரிய நடிகரின் படத்துக்குத் தியேட்டருக்குப் போனேன், இடைவேளைக்கு மேல் உட்கார முடியவில்லை. இதில் யார் சொத்தை எழுதி வாங்கிவிட்டேன்? படம் பார்த்தவன் பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்வான். எந்த நாள், எந்தக் காட்சி, எந்தத் திரை என்று வருகைப் பதிவேட்டைக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டுமா?

மெய்யழகனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் 27இல் வந்தது. வந்த வேகத்தில் 'லேக், லேக்', அதாவது இழுவை என்று கத்தினீர்கள், அவர்களும் பயந்துபோய் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். ஒரு மாதத்தில் ஓடிடிக்கு வந்தது. அதற்கப்புறம்தானே அரவிந்த்சாமியும் கார்த்தியும் ராத்திரி முழுக்கப் பேசுகிற பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி எல்லோரும் ஸ்டேட்டஸில் வைத்தீர்கள்? அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தியது யார்? வீட்டில் பார்த்த எங்களைப் போன்றவர்கள்தான். மணமேடையில் தங்கைக்கு நகை போட்டுவிடுகிற காட்சி முடிந்ததும் அம்மா ஒன்றும் பேசாமல் ரிமோட்டை என் பக்கம் தள்ளி, "இன்னொரு தடவை போடு" என்றாள். இந்த வசதி எந்தத் தியேட்டரில் இருக்கிறது?

உடனே 'தியேட்டர் அனுபவம்' என்று பாடம் எடுக்க வருவீர்கள். எனக்கும் தெரியும். மஞ்சும்மல் பாய்ஸ் தியேட்டரில்தான் பார்த்தேன், கடைசியில் கமலின் குணா படப் பாட்டு வந்தபோது என்னையறியாமல் எழுந்து நின்றிருந்தேன். டூரிஸ்ட் ஃபேமிலியும் தியேட்டரில்தான். அதெல்லாம் கண்ணில் படாது, ஒரு படம் பிடிக்கவில்லை என்றால் மட்டும் பூதக்கண்ணாடியோடு வந்துவிடுவீர்கள். "உங்களை மாதிரி ஆட்களாலதான் சினிமா அழியுது" என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. நாலு வாரத்தில் ஓடிடிக்கு விற்றது நானா?

அந்தப் பெரிய நடிகரின் படத்தில் இடைவேளையோடு ஏன் கிளம்பினேன் என்று ஒருவராவது கேட்டீர்களா? அம்மாவோடு போயிருந்தேன். முதல் சண்டை தொடங்கியதுமே முந்தானையைச் சுருட்டிக் காதில் வைத்து அழுத்திக்கொண்டாள். நடுநடுவே என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நான் ரசிக்கிறேனா என்று பார்க்கிறாள், ரசித்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று. விளக்கு போட்டதும், "இன்னும் பாதி இருக்காடா?" என்று கேட்டாள், அவ்வளவுதான், கிளம்பிவிட்டோம். இரண்டாம் பாதி அற்புதமாகவே இருந்திருக்கலாம், நல்லது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் காது சரியில்லை என்பீர்கள். கங்குவா படம் வந்தபோது அதன் தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் சத்தத்தை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னாரே, அவருக்கும் காது சரியில்லையா? அந்தச் சமயத்தில்தான் முதல் மூன்று நாள் ஆன்லைன் விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் தடை போட மறுத்துவிட்டது. நீதிமன்றம் போடாத தடையை என் பதிவில் வந்து போட இந்தத் தம்பிகளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இத்தனைக்கும் அந்தத் தம்பிகள் மேல்கூட எனக்குப் பெரிதாகக் கோபமில்லை. அந்த அங்கிள் கமெண்டுக்குச் சிரிப்பு பொம்மை போட்டவர்களில் என்னோடு காலேஜில் படித்தவன் ஒருவன் இருக்கிறான். நான் பாதியில் எழுந்து வந்த படத்தின் அதே நடிகருடைய பழைய படம் ஒன்றுக்கு, முதல் நாள் முதல் காட்சிக்கு, அவனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கப் போய்க் கூட்டத்தில் என் சட்டை கிழிந்தது. கிழிந்த சட்டையோடுதான் படம் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சினிமா தெரியும், இன்றைக்குத் தெரியாதா? ஒரு போன் போட்டு "ஏன்டா அப்படி எழுதின?" என்று கேட்டிருந்தால் அம்மா விஷயத்தைச் சொல்லியிருப்பேன். சிரிப்பு பொம்மை போடுவது சுலபம், அவ்வளவுதான்.

படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாராளமாக வரலாம், நன்றாகச் சண்டை போடலாம். ஹீரோ பேரை மட்டும் எழுதி நெருப்பு பொம்மை வைத்துவிட்டுப் போகிற கமெண்டுகளை அழித்துவிடுவேன். அப்புறம், லப்பர் பந்து இன்னும் பார்க்கவில்லை. யாரும் கதையைச் சொல்லித் தொலைக்காதீர்கள்.