ஒரு நாள் வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடாது

“அமெரிக்காவில் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குபவர் ஒரு நாள் வேலைக்குப் போனாலும் அடுத்த மாதமே நிறுத்திவிடுவார்கள்” என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருக்கிறார். தவறு. இதை நம்பி யாரும் கைக்கு வந்த வேலையை விட்டுவிட வேண்டாம்.

முதலில், நீங்கள் வாங்குவது எஸ்.எஸ்.டி.ஐ.யா (முன்பு வேலை செய்து வரி கட்டியவர்களுக்கானது), எஸ்.எஸ்.ஐ.யா (வருமானமும் சொத்தும் மிகக் குறைந்தவர்களுக்கானது) என்று பாருங்கள். இரண்டையும் போட்டுக் குழப்புவதில்தான் பாதி வதந்தி பிறக்கிறது.

எஸ்.எஸ்.டி.ஐ.யில் 9 மாதம் சோதனைப் பணிக்காலம், அதாவது தொகையை இழக்காமல் வேலை செய்து பார்க்கும் காலம், உண்டு. தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. 60 மாதத்துக்குள் வரும் மாதங்களைக் கூட்டுவார்கள். ஒரு வரம்புக்கு மேல் (2025-ல் அது 1,160 டாலர்) சம்பாதித்த மாதம்தான் கணக்கில் சேரும். அந்த 9 மாதமும் எவ்வளவு சம்பாதித்தாலும் முழுத்தொகை வரும். அதன்பின் 36 மாதங்களுக்கு, சம்பளம் இன்னொரு வரம்பைத் (2025-ல் அது 1,620 டாலர்) தாண்டாத மாதங்களில் தொகை உண்டு. பார்வையற்றோருக்கு இந்த வரம்பு 2025-ல் 2,700 டாலராக இருந்தது. முதல்முறை தாண்டும்போதுகூட அந்த மாதத்துக்கும் அடுத்த 2 மாதங்களுக்கும் தருவார்கள். சம்பளத்தால் நின்றுபோனபின் உடல்நிலை காரணமாக வேலை முடியாமல் போனால், 5 ஆண்டுக்குள் புது விண்ணப்பம் இல்லாமலே மீண்டும் கேட்கலாம்.

எஸ்.எஸ்.ஐ. வேறு கணக்கு. வேறு வருமானம் இல்லாதவர் மாதம் 485 டாலர் சம்பாதித்தால், 85 கழித்து மீதியில் பாதி, அதாவது 200 மட்டும் குறையும். கையில் 285 கூடுதல்தான்!

ஒன்று மட்டும்: சம்பளத்தை மாதாமாதம் இந்தத் தொகைகளை வழங்கும் அரசு அமைப்பான சோஷியல் செக்யூரிட்டிக்குத் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காமல் விட்டால் கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கேட்பார்கள். “பிடுங்கிவிட்டார்கள்” என்ற கதைகளில் பல இப்படி வந்தவையாகத்தான் இருக்கும்.