கல்லுப் போல நிற்கும் பிள்ளை

தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால், பெரியவர்களிடமிருந்து இரண்டில் ஒரு தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. அழுது ஆர்ப்பரிக்கும் பிள்ளை என்றால் "எல்லாம் நடிப்பு" என்கிறார்கள். வாயே திறக்காத பிள்ளை என்றால் "கல்லுப் போல நிற்கிறது, செய்ததைப் பற்றிக் கவலையே இல்லை" என்கிறார்கள். இரண்டாவது தீர்ப்புதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஏனெனில், அந்தக் கல்லுக்குள் உடல் என்ன செய்கிறது என்பதை ஓரளவு அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

1993இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில், மன அழுத்தத்தின்போது உடல் என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு சோதனையை உருவாக்கினார்கள். முகத்தில் எதையும் காட்டாத நடுவர்களுக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேசி முடித்ததும் 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 1009, 996, 983 என்று வந்து அடுத்த எண்ணில் தடுமாறினால், மறுபடியும் 1022. நடுவர்கள் சிரிப்பதும் இல்லை, தலையாட்டுவதும் இல்லை. (சிறுவர்களுக்கு இதைவிட மென்மையான வடிவம் உண்டு.) இடையிடையே உமிழ்நீர் எடுத்து அதில் மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். நெருக்கடி வந்த நொடியிலேயே அட்ரினலின் இதயத்தைப் படபடக்க வைத்துவிடும். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, பிறகு சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி என்று கட்டளை கைமாறிச் சுரக்கும் கார்டிசாலோ நிதானமாக ஏறி, நெருக்கடி தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில்தான் உச்சம் தொடுகிறது.

தொடர்ந்து தற்காயம் செய்துகொள்ளும் வளரிளம் பருவத்தினரிடம் இப்படிப்பட்ட சோதனையை நடத்தியபோது, அவர்களுடைய கார்டிசால் ஒத்த வயதினரைவிடக் குறைவாகவே ஏறியதாக 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்படியானால் அவர்களுக்கு உறைக்கவில்லை என்று முடிவுகட்டலாமா? கூடாது. 2008இல் வெளியான வேறோர் ஆய்வு, எரிச்சலூட்டும் ஒரு பணியின்போது தோலின் மின்கடத்துதிறனை அளந்தது (உடல் பதற்றமடைந்து வியர்க்கும்போது இது கூடும்). அதில் தற்காயம் செய்துகொள்வோரின் உடல் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொந்தளித்தது, அவர்கள் அந்தப் பணியைச் சீக்கிரமே கைவிட்டும் விட்டார்கள். ஒரு கருவி அடங்கிய உடலைக் காட்டுகிறது, இன்னொன்று கொதிக்கும் உடலைக் காட்டுகிறது. நெடுங்காலம் ஓயாமல் தட்டப்பட்ட கதவு ஒரு கட்டத்தில் ஒலியெழுப்புவதை நிறுத்திவிடுவதைப் போல, கார்டிசால் அமைப்பும் தன் அளவைத் தாழ்த்திக்கொண்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது நம்பத்தகுந்ததாகவே படுகிறது.

இவையெல்லாம் குழுக்களின் சராசரிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று ஒரு துளி உமிழ்நீரோ, மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் காட்டும் 'மன அழுத்த மதிப்பெண்'ணோ சொல்லிவிடாது. விற்பவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

நான் வற்புறுத்துவது விசாரணையின் நேரத்தைப் பற்றி. காயம் கண்ணில் பட்டதும் பிள்ளையை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் இறுகிய முகங்களோடு "ஏன் செய்தாய், சொல்" என்று அடுக்குகிறோமே, அது ட்ரியர் சோதனையை வீட்டிலேயே நடத்துவதுதான். திட்டமிடவும் தன்னை அடக்கவும் உதவும் மூளையின் முன்புறப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முதிர்ச்சி அடைகிறது என்றிருக்க, அந்த நிமிடத்தில் கோர்வையான பதிலை எதிர்பார்ப்பது வீண். காயத்துக்கு மருந்திட்டு, ஆபத்தான எதுவும் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டு, அரைமணி நேரம் பேசாமல் பக்கத்தில் உட்காரலாம். பிறகு, "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலரும் அஞ்சுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 2,000க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி எதுவும் நேரவில்லை. பதில் "ஆம்" என்றால் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மனநல மருத்துவரிடமோ அவசர சிகிச்சைக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். "இல்லை" என்றாலும், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.