கோவலனிடம் பில் இருந்திருந்தால்

சிலப்பதிகாரத்தை இன்றைக்கு நடக்கிற கதையாக எடுக்கலாம் என்பது கோடம்பாக்கத்தில் வற்றாத ஒன்லைன். கோவலன் ஸ்டார்ட்அப் நடத்திக் கடனாளி ஆனவன். மாதவிக்கு இன்ஸ்டாவில் பத்து லட்சம் ஃபாலோயர்ஸ். கண்ணகி நியூஸ் சேனல் லைவில் வந்து பொங்குகிறாள். கேட்க ஜோராகத்தான் இருக்கும். ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், கையிலிருக்கும் டீ ஆறிவிடும்: அந்த நகைக்குக் கோவலனிடம் பில் இருந்ததா?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் எச்.யூ.ஐ.டி. என்ற ஆறு இலக்க அடையாள எண் இல்லாமல் ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கக்கூடாது. அந்த எண்ணை ஆப்பில் தட்டினால் எந்தக் கடை, என்ன நகை, எத்தனை காரட் எல்லாம் வந்துவிடும். கடைக்கு ஒரு போன் போட்டால் யார் பேரில் பில் என்பதும் தெரிந்துவிடும். கோவலன் செத்திருக்கவே மாட்டான், கதை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் இன்னொரு சங்கடம். கண்ணகியின் சிலம்பு பொன். இன்றைக்கு நம் வீடுகளில் காலில் தங்கம் போடுகிற வழக்கம் இல்லை, கொலுசென்றால் வெள்ளிதான். ஒரு வெள்ளிக் கொலுசுக்காக யாரையும் வெட்டிக் கொன்றார்கள் என்றால் தியேட்டரில் நம்ப மாட்டார்கள்.

பழைய கதை ஒவ்வொன்றிலும் ஒரு கதவு பூட்டியிருக்கும். அந்தக் கதவு திறந்திருந்தால் பாத்திரங்கள் பிரச்சினையை விட்டு எழுந்து போய்விடுவார்கள், கதையே இருக்காது. சட்டம், சாதி, மானம், போய்ச்சேராத கடிதம் என்று ஏதோ ஒன்று அதைப் பூட்டி வைத்திருக்கும். காலம் மாறும்போது முதலில் துருப்பிடிப்பது இந்தப் பூட்டுதான். நம்மவர்களோ பெயரையும் உடையையும் வேலையையும் மாற்றுவதற்கே மூன்று மாத டிஸ்கஷனைச் செலவழிக்கிறார்கள். பூட்டு போன இடத்தில் வேறு பூட்டு போட்டார்களா என்று யாரும் பார்ப்பதில்லை.

சின்னப் பொருளை மாற்றுவது சுலபம், ஆனால் அதிலும் கெட்டிக்காரத்தனம் உண்டு. 1890இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் வாட்சன் ஒரு பாக்கெட் கடிகாரத்தை நீட்டுவார். சாவி கொடுக்கும் துவாரத்தைச் சுற்றிக் கீறல்கள். குடித்துவிட்டு நடுங்கும் கையோடு ராத்திரியில் சாவி கொடுத்தவன் என்று ஹோம்ஸ் சொல்வார். 2010 பிபிசி தொடரின் முதல் எபிசோடில் கடிகாரம் மொபைல் ஆகிவிட்டது, கீறல்கள் சார்ஜர் சொருகும் இடத்தைச் சுற்றி இருக்கின்றன. பொருள் மாறியது, கை நடுக்கம் அப்படியே இருக்கிறது. அதோடு விடவில்லை. நாவலைப் படித்தவன் ‘அண்ணனுடையது’ என்று முந்திக்கொள்வான், தொடரின் ஷெர்லாக்கும் அப்படித்தான் சொல்கிறான். ஆனால் மொபைலில் பொறித்திருக்கும் ஹாரி என்பது ஹாரியட், வாட்சனின் சகோதரி. மூலம் தெரிந்தவனுக்கும் ஒரு அடி வைத்திருக்கிறார்கள்.

கடிதம் இதைவிடச் சிக்கல். ரோமியோ ஜூலியட்டில் பாதிரியாரின் கடிதம் போய்ச் சேராததற்குக் காரணம் பிளேக். கடிதம் கொண்டுபோனவரை நோய்ப் பயத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்து அடைத்துவிடுகிறார்கள். 1996 படத்தில் அதைக் கொரியர் ஆக்கினார்கள். தபால் வருகிறது, ரோமியோ கைக்குச் சேரவில்லை. 1996க்கு இது தாங்கும். இன்றைக்கு ஜூலியட்டிடம் வாட்ஸாப் இருக்கிறது. ‘சிக்னல் இல்லை’, ‘சார்ஜ் போயிடுச்சு’ என்பதை ஒரு படத்தில் ஒரு தடவை மன்னிக்கலாம், அதுவும் இன்டர்வெலுக்கு முன்னால் என்றால்தான். கிளைமாக்ஸை அதன் தலையில் ஏற்றினால் கதை ஏமாற்றியது போலத்தான் இருக்கும். போன் இருந்தும் ஒருவன் பேச முடியாமல் போக வேறு காரணம் வேண்டும். பிளாக் பண்ணியிருக்கலாம், போன் அப்பா கையில் இருக்கலாம், பேசினால் டவர் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

இந்த வேலையை இந்தியாவில் ஆகச் சிறப்பாகச் செய்த படம் என்று நான் ‘ஹைதர்’ (2014) பக்கம்தான் கை காட்டுவேன். விஷால் பரத்வாஜ், பஷாரத் பீரோடு சேர்ந்து எழுதியது. அதன் மூலமான ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் அப்பாவின் சாவு நிச்சயம். எப்படிச் செத்தார் என்பது மட்டும்தான் சந்தேகம், அதைப் பேய் வந்து சொல்கிறது. 1995 காஷ்மீரில் பேயைக் கொண்டுவந்தால் அபத்தம். அவர்கள் பேயை மட்டும் நீக்கவில்லை, பிணத்தையும் நீக்கிவிட்டார்கள். டாக்டரான அப்பாவை ராணுவம் பிடித்துக்கொண்டு போகிறது, பிறகு தகவல் இல்லை. யார் கொன்றது என்ற கேள்வி எங்கே இருக்கிறார் என்ற கேள்வியாகத் திரும்பிவிடுகிறது.

அந்த ஒரு மாற்றத்தில் மற்றதெல்லாம் தானாக வந்து விழுவதைக் கவனியுங்கள். கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத பெண்ணைக் காஷ்மீரில் ‘அரை விதவை’ என்பார்கள். கணவனின் தம்பியோடு ஹாம்லெட்டின் அம்மா நெருங்குவதில் இருக்கும் கூச்சத்துக்கு அந்தச் சொல்லே போதுமானதாகிவிட்டது. பேயின் இடத்துக்குச் சிறையில் அப்பாவோடு கிடந்த ஒருவன் வருகிறான், இர்ஃபான் கான். அப்பாவின் கடைசிச் செய்தியைச் சுமந்து வருகிறவன், பெயரே ரூஹ்தார், ஆவியை உடையவன். எல்லாவற்றுக்கும் மேலே, உலகமே மனப்பாடமாக வைத்திருக்கும் அந்த ‘இருப்பதா இல்லாமல் போவதா’ வசனம். நானூறு வருஷமாகத் தனி மனிதனின் தத்துவ விசாரமாக இருந்தது, காணாமல் போனவர்களின் ஊரில் ஒரு அலுவலகக் கேள்வியாக மாறிவிட்டது. இருக்கிறோமா, இல்லையா? மொட்டைத் தலையோடு சந்தியில் நின்று ஷாஹித் கபூர் அதைக் கேட்கும்போது மேற்கோள் வாசனையே வருவதில்லை.

நம் ஊரில் இதற்கு இணையாகக் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000). மூலம் ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட நாவல். பாட்டுகளுக்காகக் கொண்டாடப்படும் அளவுக்கு அதன் கட்டுமானத்தைப் பேசுவதில்லை என்பது என் குறை. நாவலில் சொத்து ஆண் வாரிசுக்குப் போய்விட, அம்மாவும் பெண்களும் வீட்டை விட்டு வெளியேறுகிறார்கள். தமிழ்நாட்டில் 1989 திருத்தத்திலேயே மணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. எனவே வெறுமனே ‘பொம்பளைப் பிள்ளைக்குச் சொத்து கிடையாது’ என்று கதை விட முடியாது. படம் தாத்தாவின் உயிலைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பூட்டு இன்றைக்கும் செல்லும்.

அதைவிடப் பெரிய ஓட்டை அடுத்தது. நாவலின் பெண்கள் வேலைக்குப் போக முடியாது, அவர்கள் அந்தஸ்தில் அது நடக்காத காரியம். 2000த்தின் சென்னையில் மூத்தவள் சௌம்யாவாக வரும் தபு போவார்தானே? படமும் போகவிடுகிறது, சாஃப்ட்வேர் கம்பெனிக்கு. பணக் கஷ்டம் என்ற பூட்டு அங்கே கழன்றுவிட்டது. அதற்குப் பதிலாகத் தமிழ்ப் பூட்டு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்: பார்க்க இருந்த மாப்பிள்ளை செத்துப்போனதால் சௌம்யா ‘ராசியில்லாதவள்’. அந்த ஒற்றைச் சொல்லால்தான் அவள் தன் காதலைத் தானே நம்பாமல் உட்கார்ந்திருப்பது நமக்குப் புரிகிறது. நாவலில் தங்கையைக் கைவிட்டு லண்டனில் பணக்காரியைத் தேடிப் போகும் காதலன் வில்லோபி இங்கே ஃபைனான்ஸ் கம்பெனி நடத்தி மாட்டிக்கொள்ளும் ஸ்ரீகாந்த். தொண்ணூறுகளில் ஃபைனான்ஸ் கம்பெனிகளில் பணம் போட்டு ஏமாந்த குடும்பங்கள் நிறைந்த ஊரில் இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

கர்ணன் கதையான ‘தளபதி’யில் குழந்தையை ஆற்றில் விடாமல் கூட்ஸ் ரயிலில் விட்டதைப் பலரும் சிலாகித்துவிட்டார்கள், நான் கூட்டுவதற்கு ஒன்றுதான்: பாசஞ்சர் ரயில் என்றால் அடுத்த ஸ்டேஷனில் குழந்தையைக் கண்டுபிடித்துத் திருப்பிவிடுவார்கள். கூட்ஸ்தான் ஆறு மாதிரி, கேட்க ஆளில்லை. அதே மணிரத்னம் ‘ராவண’னில் கார்த்திக்கை மரத்துக்கு மரம் தாவவிட்டது எனக்கு ஒட்டவே இல்லை. அனுமாருக்குக் கதையில் இருக்கும் வேலை தூது, தாவல் இல்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்று பார்ப்பவன் பக்கத்து சீட்டைத் தட்டும் அந்த ஐந்து விநாடியில் படம் கையை விட்டுப் போய்விடுகிறது.

சரி, சிலம்புக்கு வருவோம். மாற்றுப் பொருளுக்கு மூன்று தகுதி வேண்டும். ஜோடியாக இருக்கவேண்டும், ஒன்றை விற்கப்போனாலும் மற்றது கண்ணகியிடம் சாட்சியாக நிற்க. வெளியே பார்த்தால் வேறு ஒருத்தியின் நகை போலவே இருக்கவேண்டும். உடைத்தால் மட்டும் தெரிகிற வித்தியாசம் உள்ளே இருக்கவேண்டும், அரசியின் சிலம்பில் முத்தும் இவளுடையதில் மாணிக்கமும் இருந்ததுபோல. பாட்டி காலத்து உள்கூடான காப்பு இதற்குப் பொருந்தும். உள்ளே அரக்கு அடைத்திருப்பார்கள், அறுத்தால்தான் தெரியும். பாட்டி காலத்தது என்பதால் எண்ணும் கிடையாது, பில்லும் கிடையாது. பூட்டு விழுந்துவிட்டது.

கொலைக்களக் காதையை ஒருமுறை பொறுமையாகப் படித்தால் இன்னும் கிடைக்கும். சிலம்பு ‘கள்வன் கையது ஆகில்’ கொன்று கொண்டுவா என்றுதான் பாண்டியன் சொல்கிறான். அந்த ‘ஆகில்’ போதும் பொற்கொல்லனுக்கு, கையில் இருந்தாலே திருட்டு என்று ஆக்கிவிடுகிறான். இவனைப் பார்த்தால் கொலைப்படும் ஆள் மாதிரி இல்லையே என்று காவலர்களே தயங்குவதும், கள்வர்களின் தந்திரங்களைப் பொற்கொல்லன் பாடமெடுப்பதும், கடைசியில் ‘கல்லாக் களிமகன்’ ஒருவன் வாளை வீசிவிடுவதும் இளங்கோவே எழுதிவைத்திருக்கும் ஸ்டேஷன் சீன். ஒரு வசனம் புதிதாக எழுத வேண்டாம்.

இடிப்பது பாண்டியன்தான். தப்புத் தெரிந்த கணத்தில் ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று விழுந்து சாகிற ஒருவனை இன்றைக்கு எந்த நாற்காலியில் உட்காரவைப்பது? இன்ஸ்பெக்டர் என்றால் சஸ்பெண்ட் ஆகி, கொஞ்ச நாளில் வேறு ஊரில் டூட்டியில் இருப்பார். மந்திரி என்றால் விசாரணைக் கமிஷன் போடுவார். நான் எழுதுவதாக இருந்தால் மாஜிஸ்திரேட்டைத்தான் எடுப்பேன். பிடித்தவனை 24 மணி நேரத்துக்குள் அவர் முன்னால் நிறுத்தியாகவேண்டும், அடிபட்டிருக்கிறானா என்று பார்க்கவேண்டியவர் அவர்தான். ராத்திரி அவர் வீட்டுக்கே கூட்டிவருகிறார்கள். உள்ளே மனைவி சாப்பாட்டை எடுத்துவைத்துக் கோபமாக உட்கார்ந்திருக்கிறாள். வாசல் லைட் வெளிச்சத்தில் கோவலன் ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிறான். இவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் “பேரென்னப்பா?” என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறார்.