சேகோ மில் கேட்டைத் திறந்து வையுங்கள்

நவராத்திரி நெருங்கினால் வடக்கே ஜவ்வரிசிக் கிச்சடி விரதம் தொடங்கும். கூடவே அந்தப் பழைய வாட்ஸ்அப் பார்வர்டும் கிளம்பிவிடும். சேலம் - கோவை ரோட்டோரம் மரவள்ளிக் கிழங்குக் கூழைக் குழியில் மாதக்கணக்கில் அழுக விடுகிறார்களாம், புழுவோடு சேர்த்து மிதிக்கிறார்களாம், அதனால் ஜவ்வரிசி சைவமே இல்லையாம்.

போன வருஷம் ஆத்தூர்ப் பக்கம் சேகோ மில், அதாவது ஜவ்வரிசி ஆலை, வைத்திருக்கும் ஒருவர் போன் செய்தார். "சார், இந்தூர் வியாபாரி லோடை நிறுத்தச் சொல்றாருங்க. பேப்பர்ல போடற மாதிரி ஒரு மறுப்பு எழுதிக் குடுங்க." கம்பெனிகளுக்குப் பத்திரிகைச் செய்தி எழுதுவதுதான் என் பிழைப்பு. 'வன்மையாகக் கண்டிக்கிறோம், உண்மைக்குப் புறம்பானது' என்று எழுதிக் கொடுத்தேன். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டையும் சேர்த்தேன். இரண்டு உள்ளூர்ப் பேப்பரில் வந்தது. சரி, இந்தூரில் யார் தமிழ்ப் பேப்பர் படிக்கிறார்கள்? புவிசார் குறியீடும் சரக்கு எந்த ஊருடையது என்று சொல்லுமே தவிர, தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லாது.

எங்கள் தொழிலின் முன்னோடி ஐவி லீ 1906இல் செய்ததை நான் மறந்திருந்தேன். பென்சில்வேனியா ரயில்வேயில் விபத்து. மூடி மறைப்பதே அன்றைய கம்பெனிகளின் வழக்கம். அவரோ நிருபர்களை ரயில்வே செலவிலேயே விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துப் போனார்.

கடைசியில் மில்காரரின் மகன்தான் அதைச் செய்தான். வியாபாரிக்கு வீடியோ கால் போட்டு, போனைக் கையில் பிடித்தபடி மில் முழுக்க நடந்தான். தோல் உரிப்பது, கழுவுவது, அரைப்பது, கிழங்குப் பால் தொட்டியில் மாவு படிவது, குருணையாக்கி வறுப்பது, களத்தில் காய்வது. பிடுங்கிய கிழங்கை ஓரிரு நாளில் அரைக்காவிட்டால் உள்ளே கறுத்துவிடும், மாதக்கணக்கில் போட்டு வைத்தால் எங்களுக்குத்தான் நஷ்டம் என்று உடைந்த இந்தியில் சொன்னான்.

வியாபாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஆசிட் போடறீங்களா?"

களத்தில் நின்ற நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புழு பொய். ஆனால் பளிச்சென்ற வெள்ளைக்காக ரசாயனம் சேர்ப்பதும், மக்காச்சோள மாவு கலப்பதும் இந்தத் தொழிலில் சிலர் செய்கிற வேலை. உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை போட்டு மூட்டைகளைப் பறிமுதல் செய்த செய்திகள் எத்தனை வந்திருக்கின்றன! என் மறுப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக மறுத்திருந்தேன். அப்படி மறுப்பவனை யார் நம்புவார்கள்?

மில்காரர் போனை வாங்கினார். "போடறவங்க இருக்காங்க. நான் போடறதில்ல. அதனால என் சரக்கு கொஞ்சம் பழுப்பா இருக்கும். வேணுமா?" மகன் அதை இந்தியில் சொன்னான்.

மறுநாள் லோடு போனது. நிறத்தைக் காட்டி மூட்டைக்குக் கொஞ்சம் விலையைக் குறைத்துத்தான் எடுத்தார். இந்த வருஷம் அதே பார்வர்டை மில்காரருக்கு முதலில் அனுப்பியது அந்த இந்தூர்க்காரர்தான், சிரிக்கிற பொம்மையோடு.