பங்களாவைக் காப்பாற்றுவதென்றால் பின்கட்டையும் சேர்த்துத்தான்

ஏற்காட்டுப் பழைய பங்களாக்களை இடிக்க விடாமல் அருங்காட்சியகமாக்க வேண்டும் என்று பேச்செடுத்தாலே, "வெள்ளைக்காரன் வீட்டை நாம எதுக்குக் காப்பாத்தணும்?" என்று ஒருவர் கேட்டுவிடுகிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வீட்டுக்குக் கல் சுமந்தது யார், காப்பிக் களத்தில் வெயிலில் கொட்டை கிளறியது யார், பின்கட்டு அடுப்படியில் புகையில் நின்றது யார்? நம் ஆட்கள். வீடு போனால் அவர்கள் இருந்ததற்கான தடயமும் சேர்ந்தே போகும்.

சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பி கொண்டுவந்தார் என்று எல்லோரும் சொல்கிறோம், சரி. அந்த மலையில் அதற்கு முன்பே தினையும் சாமையும் விதைத்துக்கொண்டிருந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தோட்டங்கள் வந்தபின் என்ன ஆயிற்று என்பதையும் அதே கூடத்துச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டு கணப்பையும் தேக்கு நாற்காலியையும் மட்டும் துடைத்து வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர், பிற்காலத்தில் ஏற்காட்டில் ஐவி காட்டேஜில் வாழ்ந்தார், நினைவிடமும் இங்கே திரித்துவ ஆலயத்தில்தான். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர்! பெல்லாரியில் ஃபூட் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் குடியிருந்த ஊரில் படகு விட்டுத் திரும்புகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அப்புறம் பழுதுபார்க்கிற லட்சணம். தயவுசெய்து சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமெண்டைப் பூசாதீர்கள். ஏற்காட்டுப் பனிக்கும் மழைக்கும் அந்தச் சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும், மேலே சிமெண்ட் ஏறியதும் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், இந்தப் பங்களாக்களைக் காக்க முனைகிற நம் சங்கம் முதலில் பணம் செலவழிக்க வேண்டியது அவர்கள் கூலிக்கு. மங்களூர் ஓடு நாலு உடைந்தால் நாலை மாற்றினால் போதும், மொத்தக் கூரையையும் பிரித்துத் தகரம் போட வேண்டியதில்லை.

இன்னொன்று, தோட்டத்துப் பழைய கூலிப் பேரேடு, செக்ரோல் என்கிற வருகைப் பதிவேடு, கங்காணி (ஆட்களை மேய்த்த மேஸ்திரி) கணக்கு நோட்டு எதுவாவது உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். படம் எடுத்தாவது சங்கத்திடம் கொடுங்கள். அந்த வேலையாட்களின் பெயர்கள் அதில்தான் இருக்கும்.