ஜெர்மனியில் பிஎச்டி: பணம் கட்டினால்தான் இடமா?

“ஜெர்மனியில் கணினிவழிப் பொறியியலில் பிஎச்டி செய்ய 11,904 யூரோ பிளாக்டு அக்கவுண்டில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று முடக்கி வைக்கும் வங்கிக் கணக்கு) போட வேண்டும், இடத்தை ஏஜென்சிதான் வாங்கித் தரும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

அந்தத் தொகை செலவுக்கு வேறு ஆதாரம் காட்ட முடியாத மாணவர் விசாக்காரர்களுக்கானது. சொந்தச் செலவில் முனைவர் ஆய்வு செய்பவருக்கும் அது பொருந்தலாம். ஆனால் இந்தத் துறையில் பெரும்பாலான ஆய்விடங்கள் சம்பள வேலைகள். விளம்பரத்தில் ‘டிவி-எல் ஈ13’ என்று இருக்கும். அது மாநில அரசு ஊழியர்களின் சம்பளப் படிநிலை. பக்கத்தில் 75 விழுக்காடு, 100 விழுக்காடு என்று போட்டிருப்பது வேலைநேரப் பங்கு. இதைக் கவனியுங்கள், சம்பளம் அதைப் பொறுத்தே. பொறியியல் துறைகளில் முழு வேலையாகவே கிடைப்பது சகஜம். போதிய சம்பளம் உள்ள ஒப்பந்தம் கையில் இருந்தால் அதுவே விசாவுக்கு வருமானச் சான்று.

சரி, தேடுவது எங்கே? ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் ‘பிஎச்டி ஜெர்மனி’ தளம், ஐரோப்பிய ஆணையத்தின் ‘யுராக்செஸ்’, ஆகன், ஸ்டுட்கார்ட், மியூனிக் பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்கள். எல்லாம் இலவசம். ஆளைத் தேர்ந்தெடுப்பவர் பேராசிரியர். நடுவில் ஏஜென்சிக்கு வேலையே இல்லை. முதுநிலைப் பட்டம் பொதுவாக வேண்டும். பல குழுக்களில் ஆங்கிலமே போதும்.

விண்ணப்பத்தில், நீங்களே எழுதிய ஒரு ஃபைனைட் எலிமென்ட் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) நிரலின் இணைப்பைச் சேருங்கள். பத்துப் பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட அது மேல்.