ஏஆர்-15: கடையில் வாங்குவதா, பாகங்களை வீட்டில் பூட்டுவதா?

கிரீன் கார்டு கைக்கு வந்ததும் ரைஃபிள் ஆசை வருகிற நம்மவர்கள் டெக்சஸில் கொஞ்சம் பேர் இருக்கிறோம். புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஏஆர்-15 ரெடிமேடாக வாங்கலாமா, பாகங்களை வாங்கி நாமே பூட்டிக்கொள்ளலாமா? கேட்கும்போதே, இரண்டாவதைச் சொல்லிவிட மாட்டானா என்ற ஆவல் முகத்தில் தெரியும். முதல் துப்பாக்கி என்றால் வாங்குங்கள் என்பதுதான் என் பதில்.

பூட்டினால் காசு மிச்சம் என்பார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கி வளர்ந்த தலைமுறைக்கு இது சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இங்கே கணக்கு வேறு. யூஜின் ஸ்டோனர் 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்த துப்பாக்கி இது. 1959இல் உரிமை கோல்ட் (Colt) நிறுவனத்தின் கைக்குப் போனது. 1977இல் காப்புரிமை காலாவதியான பிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டது. ஒருவர் செய்த குழல் இன்னொருவர் செய்த உடலில் பெரும்பாலும் பொருந்துவதும், வீட்டில் பூட்டும் பழக்கம் இந்த அளவுக்குப் பரவியதும் அதனால்தான். அதே போட்டிதான் ரெடிமேட் விலையையும் கீழே இறக்கியது. பெயருள்ள கம்பெனியின் சாதாரண மாடல் 600, 700 டாலருக்குக் கிடைக்கிறது. தனித்தனியாக வாங்குகிறவர் "இவ்வளவு செய்கிறோம், ட்ரிகர் மட்டும் நல்லதாகப் போட்டால் என்ன" என்று ஆரம்பிப்பார். அப்புறம் கைப்பிடி, அப்புறம் குழல். டார்க் ரென்ச் (சரியான அளவுக்கு முறுக்கும் கருவி), பின் (pin) தட்டும் பஞ்ச், வைஸில் பிடிக்க பிளாக் என்று கருவிச் செலவு தனி. கடைசியில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டு, விற்கப்போனால் பாதிகூடத் தேறாது. யார் பூட்டியதோ என்று வாங்குகிறவர் யோசிப்பார், அதில் தப்பே இல்லை.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருப்பது லோயர் ரிசீவர், அதாவது துப்பாக்கியின் உடலில் கீழ்ப்பாதி. உள்ளங்கையில் அடங்கும் அலுமினியத் துண்டு. குழல் கிடையாது, ட்ரிகர் கிடையாது, அதை வைத்து ஒரு தோட்டா கூடச் சுட முடியாது. ஆனால் கூட்டாட்சிச் சட்டப்படி அதுதான் துப்பாக்கி. சீரியல் எண் அதில்தான் இருக்கும். அதை வாங்க டீலரிடம் போய் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிய வேண்டும். குழல், போல்ட் (சுடும்போது குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் பாகம்) எல்லாம் சாதாரணப் பார்சலில் வாசலுக்கே வந்துவிடும்.

பூட்டுவது பெரிய வித்தை இல்லை. முன்பக்கம் இருக்கும் பின்னை (pin) நழுவாமல் பிடிக்க ஒரு பொடி ஸ்பிரிங், அதன் தலையில் டிடென்ட் என்கிற அரிசி அளவு உலோகத் துண்டு. விரல் கொஞ்சம் வழுக்கினால் எங்கே பறந்தது என்றே தெரியாது. கார்பெட்டில் மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேட வேண்டியதுதான். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தொல்லை. சிரிக்க முடியாதது ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டா உட்காரும் இடத்துக்கும் போல்டின் முகத்துக்கும் உள்ள அளவு. அது அதிகமாக இருந்தால் தோட்டாவின் கூடு பிளந்து வாயு பின்பக்கம் பாயும். சுடுகிறவரின் கன்னம் அதற்குச் சில அங்குலம் தள்ளித்தான் இருக்கிறது. கம்பெனி துப்பாக்கியில் அந்த அளவைப் பார்த்து, சுட்டுச் சோதித்து அனுப்புகிறார்கள். கோளாறு வந்தால் திருப்பி அனுப்பலாம். குழல் ஒருவர், போல்ட் இன்னொருவர் என்று சேர்த்தால் அந்த அளவைக் கேஜ் (அளவுகோல்) வைத்துப் பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. கேட்டால் அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். நான் வாங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான், விலைகூட இல்லை.

சரி, யார் பூட்டலாம்? ஒரு துப்பாக்கியை வருடக்கணக்கில் சுட்டு, கழற்றி, துடைத்து, தனக்கு என்ன குழல் வேண்டும், ட்ரிகர் எவ்வளவு இலகுவாக வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர். போட்டியில் சுடுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த இன்பம் நிஜம், மறுக்கவில்லை. ஆனால் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலை, பதிவு செய்யாமல் ரைஃபிளில் மாட்டினால் 1934ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் நேராகப் போய் விழுவீர்கள். சீரியல் எண் இல்லாத அரைகுறை கிட் பக்கமும் போகாதீர்கள். அவற்றில் பலவற்றைத் துப்பாக்கியாகவே கருதும் 2022 விதியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. தடயமே இல்லாத துப்பாக்கி உங்களுக்கு எதற்கு என்பது வேறு கேள்வி.

எச்1பி விசாவில் இருக்கும் தம்பிகள் இந்த விவாதத்துக்கே வர வேண்டாம். குடியேற்றமல்லாத விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். மாநிலம் தரும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அது எதுவும் இல்லாமல் ரேஞ்சில் நண்பனின் ரைஃபிளை வாங்கி இரண்டு ரவுண்டு சுட்டு, போட்டோவையும் போடுகிறார்களே, அவர்கள் முதலில் அந்தப் போட்டோவைக் காட்டி ஒரு வக்கீலிடம் பேசுவது நல்லது.

கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க் நண்பர்களே, நான் சொன்னது டெக்சஸ் கதை. உங்கள் ஊரில் இந்த வகை ரைஃபிளுக்கே ஏகப்பட்ட கட்டுப்பாடு. ஒரு ஸ்க்ரூ ஆர்டர் போடும் முன் உள்ளூர் டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.